ஃபுளூ எதிர்ப்புத் திறனும் தடுப்பூசியும்: விலங்கு ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காட்டுக் கணவாயில், தமிழக–கேரள எல்லையை ஒட்டிய வாளையாறு, வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் வட்டாரத்தில் உயிரியல் படிப்பவர்கள், அனிமல் ஹவுஸில் (ஆய்வக விலங்குகளை வளர்க்கும் இடத்தில்) வேலைக்குச் சேர்ந்தவர்கள், கோழியும் வாத்தும் வளர்ப்பவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறோம். ஆய்வகக் கேள்விகள் முதலில் வருகின்றன. பண்ணைக் கேள்விகள் பின்பகுதியில் உள்ளன.

ஃபுளூ மனிதருக்கு வரும் நோய். மனிதரிடமே ஆராய்ந்தால் போதாதா?

மனிதரிடமிருந்து ரத்தம் எடுக்கலாம், மூக்குச் சளி எடுக்கலாம். நோய் வந்த நான்காம் நாளில் நுரையீரலை வெட்டிப் பார்க்க முடியாது. தடுப்பூசி போட்ட கையின் அக்குள் நிணநீர்க்கணுவுக்குள், ஆன்டிபாடி எனும் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கும் பி செல்கள் என்ன செய்கின்றன என்பதையும் முழுதாகப் பார்க்க முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வளர்ந்த மனிதர் ஒவ்வொருவரும் ஃபுளூவை ஏற்கெனவே பலமுறை சந்தித்தவர். புது ஊசி தந்த எதிர்ப்பு எது, பழைய காய்ச்சல் விட்டுப்போன நினைவு எது என்று பிரித்தறிவது கடினம்.

மனித ஃபுளூ வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே ஒரு விலங்கின் தயவால்தான். 1933-ல் லண்டனில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ், பேட்ரிக் லெய்ட்லா மூவரும் நோயாளிகள் தொண்டை கொப்பளித்த நீரை ஃபெரட்டின் மூக்கில் விட்டார்கள். ஃபெரட்டுக்குக் காய்ச்சல் வந்தது, தும்மியது. பிற்பாடு நோயுற்ற ஃபெரட் ஒன்று ஆய்வாளர் ஒருவரின் முகத்தில் தும்ம, அவரும் படுத்துவிட்டார்.

ஃபெரட் என்றால் கீரியா, மரநாயா?

இரண்டும் இல்லை. தமிழ் அகராதிகள் சில அப்படி எழுதுகின்றன. மலையாளத்தில் மரப்பட்டி என்று சொல்லும் விலங்கும் வேறு. ஃபெரட் ஐரோப்பாவில் வீட்டு விலங்காகப் பழக்கப்பட்ட, வீசல் (weasel) குடும்பத்தைச் சேர்ந்த பிராணி. ஆய்வு அனுமதி விண்ணப்பத்தில் 'ஃபெரட்' என்றே எழுதுங்கள்.

எலி மலிவு, இடமும் குறைவு. எல்லாவற்றையும் எலியிலேயே முடித்துவிடக் கூடாதா?

உங்கள் கேள்வி என்ன என்பதைப் பொறுத்தது. டி செல்கள் (தொற்றிய செல்லை அழிக்கும் வெள்ளணுக்கள்) எப்போது நுரையீரலுக்கு வருகின்றன, எந்த மரபணு இல்லாவிட்டால் எதிர்ப்பு குலைகிறது என்பவை கேள்வியென்றால் எலிக்கு நிகரில்லை. மரபணு நீக்கிய எலிகளும், எலிச் செல்களை அடையாளம் காணும் ஆன்டிபாடிகளும் கிடைப்பதுபோல் வேறெந்த விலங்குக்கும் கிடைப்பதில்லை. 'இந்த ஆண்டு மனிதரிடையே சுற்றும் எச்3என்2 வகை ஃபுளூவை இந்த ஊசி தடுக்குமா' என்பது கேள்வியென்றால் எலி ஏமாற்றிவிடும்.

காரணம் பல. மனித ஃபுளூ வைரஸ் செல்லின் மேலுள்ள ஆல்ஃபா 2,6 வகைச் சியாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. எலியின் மூச்சுப்பாதையில் மிகுதி ஆல்ஃபா 2,3 வகை. அதனால் பல மனித வைரஸ்கள் எலியில் சரியாக வளர்வதில்லை. நுரையீரலிலிருந்து நுரையீரலுக்கு மாற்றி மாற்றிப் பழக்கிய வைரஸ் தேவைப்படுகிறது. உலகெங்கும் பயன்படும் பிஆர்8 அப்படிப்பட்டது. 1934-ல் போர்ட்டோ ரிக்கோவில் எடுத்த வைரஸ் அது. இன்று தெருவில் சுற்றும் வைரஸோடு அதற்குத் தூரத்து உறவுதான்.

அடுத்தது எம்எக்ஸ்1 மரபணு. காட்டு எலியில் ஃபுளூவை அடக்கும் முக்கியமான காவல் அது. பால்ப்-சி, பிளாக்-6 போன்ற வழக்கமான ஆய்வக இனங்களில் அது பழுதாகிவிட்டது. அதனால்தான் அவை அவ்வளவு எளிதில் சாகின்றன. டிபிஏ-2 இனம் இன்னும் மெலிது. பிளாக்-6 தாங்கும் டோஸில் அது விழுந்துவிடும். ஆய்வறிக்கையில் இனத்தைக் குறிப்பிடாமல் 'எலி' என்று மட்டும் எழுதினால் பயனில்லை.

எலி இருமாது, தும்மாது. காய்ச்சலுக்குப் பதில் உடல் குளிர்ந்துபோகும். நோயின் அளவுகோல் எடைதான். கூடவே முடி சிலிர்த்தல், கூன் விழுதல், மூலையில் ஒடுங்குதல் ஆகியவற்றையும் குறிக்க வேண்டும்.

ஒரே டோஸ் வைரஸ்தான் விட்டோம். சில எலி செத்தது, சிலவற்றுக்கு ஒன்றுமே ஆகவில்லை. எங்கே தவறு?

பெரும்பாலும் கையில்தான் தவறு, வைரஸில் இல்லை. முதலில் கன அளவைப் பாருங்கள். மயக்கிய எலியின் மூக்கில் 30 முதல் 50 மைக்ரோலிட்டர் விட்டால் நுரையீரலுக்குப் போகும். மயக்காத எலிக்கு 5 முதல் 10 மைக்ரோலிட்டர் விட்டால் மூக்கிலேயே நின்றுவிடும். இரண்டும் வேறு வேறு நோய். முதலாவது நிமோனியா, இரண்டாவது மேல் மூச்சுப்பாதைத் தொற்று.

அடுத்து மயக்கத்தின் ஆழம். ஐசோஃபுளூரேன் லேசாக இருந்தால் எலி விழுங்கிவிடும், வைரஸ் திரவம் வயிற்றுக்குப் போகும். மூச்சு மெதுவாகி ஆழமான பிறகு, எலியை நிமிர்த்திப் பிடித்து, நாசித் துளையின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக வையுங்கள். மூச்சோடு உள்ளே இழுத்த பிறகு அடுத்த சொட்டு. மூக்கில் குமிழி வந்து வெளியே வழிந்தால் அந்த எலியைக் குறித்து வையுங்கள். கீட்டமைன்–சைலசீன் கொடுத்தால் மயக்கம் நீளும், ஆனால் உடல் வேகமாகக் குளிரும். எழும் வரை வெதுவெதுப்பான விரிப்பில் கிடத்துங்கள். தொற்றால் வந்த குளிர்ச்சியா, மருந்தால் வந்ததா என்ற குழப்பம் அப்போது வராது.

வைரஸ் குப்பியை மீண்டும் மீண்டும் உறையவைத்து உருக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் உயிருள்ள வைரஸ் குறையும். சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80-ல் வையுங்கள், வேலை நேரத்தில் ஐஸில் இருக்கட்டும். கடைசி எலிக்குக் கொடுத்த பிறகு மிச்சத்தை அன்றே எம்டிசிகே செல்லில் (வைரஸ் வளர்க்கப் பயன்படும் நாய்ச் சிறுநீரகச் செல்) டைட்டர், அதாவது உயிருள்ள வைரஸின் அளவு, பாருங்கள். 1000 பிளேக் அலகு கொடுத்ததாக நினைத்து 150 கொடுத்திருப்பது அப்போதுதான் தெரியும். எம்டிசிகே ஊடகத்தில் டிபிசிகே டிரிப்சின் என்ற நொதியைச் சேர்க்க மறந்தால் வைரஸ் பெருகாது. மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம் போதும். சீரம் கலந்த ஊடகத்தை முழுக்கக் கழுவாமல் டிரிப்சின் போட்டால் சீரம் அதை முடக்கிவிடும்.

பெண் எலியையும் ஆண் எலியையும் ஒரே குழுவில் கலந்திருந்தால் அதுவும் காரணமாகலாம். பிளாக்-6 பெண் எலிகளுக்கு நோய் கடுமை, ஊசிக்கு ஆன்டிபாடியும் அதிகம்.

சவால் டோஸ், அதாவது ஊசி போட்ட விலங்கை வேண்டுமென்றே தொற்றவைக்கும் வைரஸின் அளவு, எவ்வளவு வைக்கலாம்?

யாரோ பயன்படுத்திய எண்ணை எடுக்காதீர்கள். உங்கள் குப்பி, உங்கள் எலி, உங்கள் கை மூன்றையும் சேர்த்து மரண டோஸை முதலில் கணக்கிடுங்கள். வைரஸைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ஒவ்வொரு நீர்ப்புக்கும் 5 எலி, 14 நாள் பார்வை. பாதிப் பேரை வீழ்த்தும் அளவை ரீட்–மூன்ச் முறையில் காணலாம். தடுப்பூசிச் சோதனைக்கு அதன் 5 முதல் 10 மடங்கு வழக்கம்.

100 மடங்கு வைத்தால் சுமாரான ஊசிகள் எல்லாம் தோற்றதுபோல் தெரியும். 1 மடங்கு வைத்தால் வெறும் உப்புநீர் போட்ட எலியும் பிழைத்து, எந்த ஊசியும் வென்றதுபோல் தெரியும்.

'மரணம்' என்பதை எலி தானாகச் சாகும் வரை நீட்டக் கூடாது. தொடக்க எடையில் 20 அல்லது 25 சதவீதம் குறைந்தால் கருணைக்கொலை என்ற எல்லையை முன்பே எழுதி, அதையே மரணமாகக் கணக்கிட வேண்டும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே தராசில் எடை பாருங்கள். எந்தக் கூண்டு எந்தக் குழு என்று எடை பார்ப்பவருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது.

ஊசி அட்டவணையும் ரத்தம் எடுக்கும் நாட்களும்?

செயலிழந்த அல்லது பிளவு வைரஸ் ஊசிக்கு ஓடும் வழக்கமான ஏற்பாடு இது: 6 முதல் 8 வார எலி, 0-ம் நாள் முதல் ஊசி, 21-ம் நாள் பூஸ்டர், 35 அல்லது 42-ம் நாள் ரத்தம், அதன் பிறகு சவால். தொடைத் தசையில் ஓரிடத்தில் 50 மைக்ரோலிட்டருக்கு மேல் போட வேண்டாம், கசிந்துவிடும். மனித டோஸில் ஒரு ஸ்ட்ரெயினுக்கு (வைரஸ் ரகத்துக்கு) 15 மைக்ரோகிராம் ஹெமக்ளூட்டினின் என்ற வைரஸ் மேற்பரப்புப் புரதம் இருக்கும். அதை அப்படியே எலிக்குக் கொடுத்தால் கூரை முட்டிய ஆன்டிபாடி டைட்டர் வரும், ஊசிக்கு ஊசி வேறுபாடு தெரியாது. 0.1, 0.3, 1, 3 மைக்ரோகிராம் என்று வரிசையாகப் பாருங்கள்.

20 கிராம் எலியின் மொத்த ரத்தம் ஏறத்தாழ 1.5 மில்லிலிட்டர். ஒரு தடவைக்கு அதில் பத்தில் ஒரு பங்குதான் எடுக்கலாம். அதிலிருந்து கிடைக்கும் சீரம் சுமார் 60 மைக்ரோலிட்டர். எந்தச் சோதனைக்கு எவ்வளவு என்று முன்பே பங்கு பிரித்துவிடுங்கள்.

ஆலம் (ஊசியின் வீரியம் கூட்டும் அலுமினிய உப்பு) கலந்த ஊசியை உறையவிட்டால் போச்சு. ஃபிரிட்ஜில் குளிரூட்டும் பலகையை ஒட்டி வைத்ததால் கெட்டவை ஏராளம். 2 முதல் 8 டிகிரி, நடுத் தட்டு.

ஒரு சின்னப் பொறி: ஆன்டிபாடித் துணைவகை பார்க்கும்போது பிளாக்-6 எலிக்கு ஐஜிஜி2ஏ ரீஏஜென்ட் வாங்கிவிடுகிறார்கள். அந்த இனத்தில் இருப்பது ஐஜிஜி2சி. 'டிஎச்1 (செல்வழி எதிர்ப்பைத் தூண்டும் வகை) பக்கமே இல்லை' என்று எழுதப்பட்ட சில முடிவுகளின் பின்னணி இவ்வளவுதான்.

எச்ஐ சோதனையில் எண்கள் நம்பும்படி இல்லையே?

வைரஸ் ரத்த அணுக்களை ஒட்டவைப்பதைச் சீரத்தின் ஆன்டிபாடி தடுக்கிறதா என்று பார்ப்பதே எச்ஐ. எளிய சோதனை, ஆனால் அலட்சியத்தை மன்னிக்காது. சீரத்தில் இயல்பாகவே வைரஸைத் தடுக்கும் சர்க்கரைப் புரதங்கள் இருக்கும். அவற்றை நீக்காவிட்டால் ஊசி போடாத எலியும் 80 காட்டும். 25 மைக்ரோலிட்டர் சீரத்தோடு 75 ஆர்டிஇ நொதி சேர்த்து, 37 டிகிரியில் இரவு முழுக்க, அதாவது 18 முதல் 20 மணி நேரம் வையுங்கள். பிறகு 56 டிகிரியில் 30 நிமிடம். அதன் மேல் 150 உப்புக் கரைசல். இப்போது சீரம் பத்தில் ஒன்றாகிவிட்டது. சோதனையின் அடிமட்டம் 10 என்பது இதனால்தான். 10-க்குக் கீழே இருப்பதைக் கணக்கில் 5 என்று போடுவது மரபு.

வைரஸ் 25 மைக்ரோலிட்டரில் 4 அலகு இருக்க வேண்டும். அன்றன்று சரிபார்க்கவும். நேராகவும், 2 மடங்கும், 4 மடங்கும் நீர்த்ததில் ரத்த அணு ஒட்ட வேண்டும், 8 மடங்கில் விட்டுவிட வேண்டும். 8 அலகு போய்விட்டால் டைட்டர் எல்லாம் பாதியாகும்.

கோழி, வான்கோழி அணுவுக்கு வி வடிவக் குழித் தட்டு, 30 நிமிடம். கினிப் பன்றி அணுவுக்கு யு வடிவக் குழி, 1 மணி நேரம். கோழி அணுவைத் தட்டைச் சாய்த்துப் படியுங்கள், கண்ணீர்த் துளிபோல் வழிந்தால் அங்கே ஒட்டல் தடுக்கப்பட்டிருக்கிறது. கறிக்கடை ரத்தம் வேண்டாம், பாதி உறைந்தே வரும். ஆல்சீவர் கரைசலில் எடுத்து, மூன்று முறை கழுவி, ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். சமீபகால எச்3என்2 வைரஸ்கள் கோழி அணுவோடு சரியாக ஒட்டுவதில்லை. அவற்றுக்குக் கினிப் பன்றி அணு, அதுவும் போதாவிட்டால் நடுநிலையாக்கச் சோதனை.

எச்ஐ பூஜ்யம், ஆனால் எலி பிழைத்துவிட்டது. எப்படி?

எச்ஐ அளப்பது ஹெமக்ளூட்டினின் தலைப்பகுதியை மறைக்கும் ஆன்டிபாடியை மட்டும். தண்டுப்பகுதியைப் பிடிக்கும் ஆன்டிபாடிகள் அதில் தெரியாது. அவை தொற்றிய செல்லை, ஆன்டிபாடியின் வால்பகுதியைப் பற்றும் எஃப்சி ஏற்பிகள் வழியாகப் பிற செல்களைக் கூப்பிட்டு அழிக்கின்றன. வைரஸின் இன்னொரு மேற்பரப்புப் புரதமான நியூராமினிடேஸுக்கு எதிரான ஆன்டிபாடியும் தெரியாது. டி செல்லைச் சொல்லவே வேண்டாம்.

டி செல் பார்ப்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று. நுரையீரலை அரைத்து எண்ணும்போது அங்கே ஓடிக்கொண்டிருந்த ரத்தத்தின் செல்களையும் சேர்த்து எண்ணிவிடுகிறார்கள். கொல்வதற்கு 3 முதல் 5 நிமிடம் முன் வால் ரத்தநாளத்தில், வெள்ளணுக்களைப் பிடிக்கும் நிறமேற்றிய சிடி45 ஆன்டிபாடி செலுத்தினால் ரத்தத்தில் இருப்பவை மட்டும் நிறமேறும். நிறமேறாதவைதான் திசுவில் குடியிருப்பவை. இந்தக் குடியிருப்பு டி செல்கள்தான் வேறு துணைவகை ஃபுளூவையும் தடுக்கின்றன. ஆனால் எலி நுரையீரலில் சில மாதங்களிலேயே கரைந்துபோகின்றன. 30-ம் நாள் சவாலில் வென்ற ஊசியை 6 மாதம் கழித்தும் பார்க்கச் சொல்வது இதற்காக.

ஃபெரட் எப்போது அவசியம்?

மனிதரிடையே சுற்றும் வைரஸை மாற்றாமல் அப்படியே சோதிக்க வேண்டும் என்றால். அதன் மூச்சுப்பாதையில் வைரஸ் பற்றும் ஏற்பிகளின் பரவல் நம்முடையதை ஒத்தது. காய்ச்சல், தும்மல், மூக்கொழுகல் எல்லாம் உண்டு. மயக்கி, நாசிக்கு 250 மைக்ரோலிட்டர் வீதம் விடுவது வழக்கம். வெப்பம் அளக்கத் தோலுக்கடியில் சிப் வைத்தால் பிடித்து அலைக்கழிக்க வேண்டாம், பயத்தில் ஏறும் வெப்பம் கணக்கைக் கெடுக்காது.

எந்த ஸ்ட்ரெயினை அடுத்த ஊசியில் சேர்ப்பது என்று உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி முடிவெடுக்கும்போது மேசையில் இருக்கும் தரவுகளில் முக்கியமானது ஃபெரட் சீரம். ஒரே ஒரு வைரஸை மட்டும் சந்தித்த ஃபெரட்டின் சீரம், வைரஸ்களுக்குள் உள்ள வேறுபாட்டைக் கூர்மையாகக் காட்டும்.

எங்கும் கிடைக்கும் விலங்கு அல்ல. வந்தவுடன் சீசன் ஃபுளூவுக்கு ஆன்டிபாடி இருக்கிறதா என்று பாருங்கள். கூண்டு கழுவுபவருக்கு ஃபுளூ இருந்தால் ஃபெரட்டுக்கும் வந்துவிடும், மாதக்கணக்கான வேலை போய்விடும். ஊழியர் எல்லோருக்கும் ஆண்டு ஊசி, வேலைநேரம் முழுக்க மாஸ்க்.

பாலக்காட்டு வெயில் சோதனையைக் கெடுக்குமா?

கெடுக்கும். மார்ச், ஏப்ரலில் இந்தக் கணவாய்ப் பகுதி 40 டிகிரியைத் தொடும். கரண்ட் போய் ஏசி நின்றால் அறை சில மணி நேரத்தில் சுடும். 2019-ல் டோக்கியோ ஆய்வாளர்கள் 36 டிகிரியில் வைத்த எலிகளில் ஃபுளூவுக்கு எதிரான ஆன்டிபாடியும் டி செல்லும் மந்தமாவதைக் காட்டினார்கள். சூட்டில் எலிகள் தீனி குறைத்ததும் ஒரு காரணம். 22 டிகிரியை ஒட்டி அறையை வையுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் பதியும் வெப்பமானியை மாட்டுங்கள். ஜெனரேட்டர் எத்தனை நிமிடத்தில் ஏற்கிறது என்பதைச் சோதனை தொடங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பரவலை ஆராய்பவர்களுக்கு வெப்பமும் ஈரமும்தான் விஷயமே. 2007-ல் கினிப் பன்றிகளில் நடந்த ஆய்வில் 5 டிகிரியில் வைரஸ் காற்றுவழி நன்றாகப் பரவியது, 30 டிகிரியில் பரவவே இல்லை. 30 டிகிரியிலும் ஒரே கூண்டில் சேர்த்து வைத்தவற்றிடையே தொற்றியது என்பது அடுத்து வந்த ஆய்வின் முடிவு. நம் ஊரில் குளிரே இல்லாமல் மழைக்காலத்தில் ஃபுளூ எப்படிப் பரவுகிறது என்று கேட்பவர்களுக்கு இது ஒரு நூல்முனை. கினிப் பன்றிக்கு நோய்க்குறி எதுவும் தெரியாது. அதனால் ஊசி நோயைக் குறைத்ததா என்று அதில் பார்க்க முடியாது, பரவலைக் குறைத்ததா என்று பார்க்கலாம்.

வைரஸ் வளர்க்க நாமக்கல் முட்டை ஆகுமா?

வாளையாறு வழியாக லாரி லாரியாகப் போகிறதே, அந்த முட்டை ஆகாது. அது கருவில்லாத முட்டை. சேவலோடு சேர்ந்த கோழி இட்டு, 9 முதல் 11 நாள் அடைகாத்த கருமுட்டை வேண்டும். குஞ்சுப் பொரிப்பகத்தில் வாங்கலாம், ஆனால் தாய்க்கோழிக்கு ராணிக்கேட், எச்9என்2 ஊசி போட்டிருந்தால் மஞ்சள் கருவில் ஆன்டிபாடி இருக்கும். எச்9 வேலைக்கு அது நேரடி இடைஞ்சல். கிடைத்தால் குறிப்பிட்ட நோய்க்கிருமி இல்லாத மந்தையின் முட்டையே மேல்.

விளக்கொளியில் காற்றறையின் எல்லையைப் பென்சிலால் குறித்து, அதற்குச் சற்று மேலே, ரத்தநாளம் இல்லாத இடத்தில் துளையிட்டு அலன்டாயிக் அறையில் 0.1 முதல் 0.2 மில்லிலிட்டர் விடுங்கள். 24 மணிக்குள் கரு செத்தால் அது ஊசிக் காயம், எறிந்துவிடுங்கள். மனித வைரஸுக்கு 33 முதல் 35 டிகிரியில் 48 முதல் 72 மணி நேரம். எடுப்பதற்கு முந்தைய இரவு 4 டிகிரியில் வைக்காவிட்டால் ரத்தம் கசிந்து, அந்த அணுக்களே வைரஸை உறிஞ்சிக்கொள்ளும்.

பறவைக் காய்ச்சல் வந்தால் ஏன் கொல்கிறார்கள்? கோழிக்கும் வாத்துக்கும் ஊசி போடலாமே?

2014-லும் 2024-லும் ஆலப்புழைப் பக்கம் வாத்துகளில் எச்5என்1 வந்தபோது, வாளையாறிலும் கோபாலபுரத்திலும் வண்டிச் சக்கரத்துக்கு மருந்து தெளித்ததைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்பது இது. எச்5 வகைப் பறவைக் காய்ச்சலுக்கு ஊசி போட இந்தியாவில் அனுமதி இல்லை. நோய் உறுதியானால் 1 கிலோமீட்டர் சுற்றளவில் பறவைகளை அழிப்பது, 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பது என்பதுதான் நடைமுறை. வீரியம் குறைந்த எச்9என்2-க்கு மட்டும் ஊசி உண்டு.

தயக்கத்துக்கான காரணம் விலங்குச் சோதனையிலேயே இருக்கிறது. ஊசி போட்ட கோழி சாகாது, ஆனால் சில நேரம் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மந்தை நலமாகத் தெரியும்போதே நோய் நகரும். எனவே பறவை ஊசியைச் சோதிக்கும்போது உயிர்பிழைப்பை மட்டும் பார்த்தால் போதாது. சவாலுக்குப் பின் 2, 4, 7-ம் நாட்களில் தொண்டையிலும் கழிவுப்புழையிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்து வைரஸ் அளக்க வேண்டும். கூடவே ஊசி போடாத பறவையை அதே கூண்டில் விட்டுத் தொற்றுகிறதா என்றும் பார்க்க வேண்டும். வாத்தில் இது இன்னும் முக்கியம். பல ஃபுளூ வைரஸ்களைச் சுமந்துகொண்டே அது மேயும், அறுப்பு முடிந்த வயலில் மேய்ச்சல் மந்தை ஊர் விட்டு ஊர் போகும்.

வைரஸ் வீரியமிக்கதா என்று தீர்மானிக்கும் பழைய சோதனையும் கோழியில்தான். 6 வாரக் கோழி 10, பத்தில் ஒன்றாக நீர்த்த முட்டைத் திரவம் 0.1 மில்லிலிட்டர் ரத்தநாளத்தில், 10 நாள் பார்வை. நலம் 0, நோய் 1, கடும் நோய் 2, சாவு 3. சராசரி 1.2-ஐத் தாண்டினால் வீரியமிக்கது. எச்5 சோதனை உயர் பாதுகாப்பு ஆய்வகத்தில் மட்டுமே நடக்கும். நம் நாட்டின் முதன்மை ஆய்வகம் போபாலில் உள்ளது. செத்த பறவையை அறுத்துப் பார்க்காதீர்கள். கையுறையோடு இரட்டைப் பையில் கட்டி, கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பச்சைப் பால் குடிக்கலாமா?

2024-ல் அமெரிக்கக் கறவை மாடுகளில் எச்5என்1 பரவியது. தொற்றிய மாட்டின் பச்சைப் பாலைக் குடித்த ஆய்வக எலிகள் நோயுற்றன. காய்ச்சிக் குடியுங்கள்.

விலங்கில் வென்ற ஊசி மனிதரில் தோற்பது ஏன்?

விலங்கு ஃபுளூவையே அறியாதது, மனிதர் அறிந்தவர். இதுவே பெரிய காரணம். சிறுவயதில் முதலில் சந்தித்த வைரஸின் நினைவு, புதிய ஊசிக்கான பதிலைத் திசைதிருப்புகிறது. தாமஸ் ஃபிரான்சிஸ் 1960-ல் இதற்கு 'முதல் ஆன்டிஜன் பாவம்' என்று பெயர் வைத்தார். ஆகவே ஊசிக்குச் சில மாதங்கள் முன்பே விலங்குக்குப் பழைய ஸ்ட்ரெயினால் லேசான தொற்றைக் கொடுத்து, பிறகு ஊசி போட்டுப் பாருங்கள். செலவும் நாளும் கூடும், விடை மனிதருக்கு நெருங்கும்.

ஊசியின் வீரியம் கூட்டச் சேர்க்கும் துணைமருந்து இரண்டாவது காரணம். அப்படிப்பட்ட சிபிஜியை அடையாளம் காணும் டிஎல்ஆர்9 ஏற்பி எலியில் பல வகைச் செல்களில் உண்டு, மனிதரில் சிலவற்றில்தான். எலியில் துள்ளும் ஊசி மனிதரில் அடங்கிப்போகும்.

எதிர்த்திசையிலும் ஒரு பாடம் பன்றியில் கிடைத்தது. எச்1என்2-க்கு எதிரான செயலிழந்த ஊசி போட்ட பன்றிகளுக்கு, பொருந்தாத 2009 எச்1என்1 கொடுத்தபோது நுரையீரல் நோய் கடுமையானது. ஆன்டிபாடி வைரஸைப் பிடித்தது, ஆனால் தடுக்கவில்லை. எலியில் மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணில் படாமலே போயிருக்கலாம்.

அனுமதிக்கு எங்கே தொடங்குவது?

1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியக் குழுவில் உங்கள் நிறுவனம் பதிவு பெற்றிருக்க வேண்டும். எலி, கினிப் பன்றி போன்ற சிறு விலங்குகளுக்கு நிறுவன விலங்கு நெறிமுறைக் குழு போதும், விண்ணப்பம் படிவம் பி. பெரிய விலங்குகளுக்கு மத்தியக் குழு வரை போகும். மரபணு மாற்றிய வைரஸ் என்றால் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடமும் தனியாக ஒப்புதல் வாங்குங்கள்.

விண்ணப்பம் திரும்பி வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்: எண்ணிக்கைக்குக் கணக்கு காட்டாததும், கருணைக்கொலை எல்லையை எழுதாததும். முன்னதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. மொத்த விலங்குகளிலிருந்து குழுக்களின் எண்ணிக்கையைக் கழியுங்கள். விடை 10-க்கும் 20-க்கும் இடையில் இருக்க வேண்டும். 4 குழு, குழுவுக்கு 5 எலி என்றால் 16, சரி. குழுவுக்கு 10 என்று கேட்டால் 36, ஏன் என்று கேட்பார்கள். அதற்குப் புள்ளியியல் கணக்கோடு போங்கள்.